துவாய் போட்ட வேலி

எங்கள் கந்தோரில் கீறப்படும் ஒவ்வொரு கட்டடப் படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் மூன்று வரிகள்: வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். ஆறு வருடங்களாக நடு வரியில் மட்டும்தான் என் முதலெழுத்துகள் இருந்தன. பாடசாலைக் கழிப்பறைகள், சந்தைக் கூரைகள், ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று எவ்வளவோ கீறியிருக்கிறேன். வேறொருவர் யோசித்ததை நேர்க்கோடாக்குவது என் வேலை. அதைப் பிழையில்லாமல் செய்வேன். ஒரு அளவை மூன்று தரம் பார்ப்பேன். வீட்டிலும் அப்படித்தான். மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டுச் சந்தி வரை வந்தபின், தண்ணீர்ப் போத்தலின் மூடியை இறுக்கினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான்.

அதனால், கடல்நீரேரிக் கரையில் பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு மறைவிடம் கட்ட வேண்டும் என்று சரணாலயத்தில் இருந்து கேட்டு வந்தபோது, எங்கள் பொறியியலாளர் அந்தக் கோப்பை என் மேசையில் வைத்ததை முதலில் நான் நம்பவில்லை.

“உது சின்ன வேலை, பிள்ளை. நீரே யோசிச்சுக் கீறும்.”

“வடிவமைப்பும் நானோ, சேர்?”

“ஓம். ஏன், பயமோ?”

“இல்லை சேர்” என்றேன். பயம்தான்.

தை மாதம் முதல்முறையாக அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். சுன்னாகத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு ஒரு ஓட்டோவில், தென்மராட்சியின் கடைசி வீடுகளையும் தாண்டிப் போக வேண்டும். மாரி மழை முடிந்திருந்தது. தரவை வெளியில் புல் முளைத்து, அதற்கப்பால் முழங்கால் அளவு தண்ணீர் வெள்ளித் தகடுபோல் கிடந்தது. தூரத்தில் வெளுத்த ரோசா நிறத்தில் ஒரு கோடு. அது அசைந்தபோதுதான் பூநாரைகள் என்று தெரிந்தது. கிட்டத்தில் கொக்குகளும், மஞ்சள் மூக்கு நாரைகளும், ஓடி ஓடிச் சேற்றைக் குத்துகிற உள்ளான்களும். அவற்றுக்கு நடுவே, அவற்றைப் போலவே குனிந்தபடி, ஏழெட்டுப் பெண்கள். இடுப்பில் கட்டிய கயிற்றில் பனையோலைப் பறி பின்னால் மிதந்து வர, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறவைகள் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பெண்களை நானும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்பதைப் பிறகுதான் சொல்லப் போகிறேன்.

கந்தோரில் இருந்த வெளிநாட்டுக் கைநூல் ஒன்றில் பறவை மறைவிடங்களின் படங்கள் இருந்தன. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாடமாக்கினேன். நான்கு கொங்கிறீற் தூண்கள். பத்தடி உயரத்தில் ஒரு மரப்பெட்டி. முன்பக்கத்தில், இருக்கிறவரின் கண்மட்டத்தில், ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு நீண்ட கிடைவெட்டு. அதற்குள்ளால் பார்த்தால் ஏரி முழுவதும் தெரியும். பறவைக்கு உள்ளே நிற்பவர் தெரியமாட்டார். ஏணிப்படியின் கம்பிகளுக்கு இடைவெளி எவ்வளவு விடலாம் என்று தீர்மானிக்க, நித்திரையாய்க் கிடந்த மகளின் தலையை அங்குல நாடாவால் அளந்தேன். அவள் தலை நுழையாத அளவைப் படத்தில் போட்டேன். சப்பாத்துப் பெட்டியில் ஒரு மாதிரியும் செய்தேன். மகள் அதற்குள் தன் பொம்மையை வைத்து, வெட்டுக்குள்ளால் அதன் கண் தெரிகிறதா என்று பார்த்தாள். படத்தை முடித்தபோது அழகாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் கீறியவற்றில் அதுதான் அழகானது என்று அன்றைக்கு நினைத்தேன்.

மாசியில், அந்த ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். சரணாலய அதிகாரி படத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். முன்னால் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பின்னால் பெண்கள், பலர் ஏரியில் இருந்து நேரே வந்த ஈரப் பாவாடையோடு, சுவரோடு நின்றார்கள். நான் எழுந்து விளக்கினேன். முதலில் தாளைப் பார்த்து வாசித்தேன். பிறகு எனக்கே பிடித்துப்போய்ச் சரளமாக வந்தது. பின்னால் நின்ற ஒரு பெண் கையை உயர்த்தினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் செபமாலை, வெயிலில் கறுத்த தோள்.

“ஒண்டு கேக்கலாமோ, தங்கச்சி?”

“கேளுங்கோ அக்கா.”

“உதிலை ஏறி நிண்டா எவ்வளவு தூரம் தெரியும்?”

“அரைக் கட்டைக்கு வடிவாத் தெரியும்” என்றேன் பெருமையாக.

“அப்ப நாங்கள் குனிஞ்சு தடவுற இடமும் தெரியும்.”

“ஓம்… தெரியும்.”

“உள்ளுக்கை நிக்கிறது ஆரெண்டு எங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது அக்கா. அப்பிடித் தெரியக்கூடாது எண்டுதான்…”

“அப்ப உது சென்றி எல்லோ, தங்கச்சி.”

நான் திரும்பிச் சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்தேன். தூண்கள், பெட்டி, கிடைவெட்டு. ஆமிக்காரர் துவக்கோடு நிற்கிற காவலரண் தவிர வேறெதுவாகவும் அது தெரியவில்லை.

சுவரோரம் நின்ற இன்னொரு பெண் சொன்னார்: “சென்றியெண்டாலும் நாள் முழுக்க ஒரே முகம். உதுக்குள்ளை நாளுக்கொருத்தன் வருவான். நாரையைப் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு எங்கடை பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போவான்.”

“உன்ரையை எடுக்கக் கமராவிலை இடம் காணாதடி” என்றது வேறொரு குரல். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். செபமாலை போட்ட அக்கா சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை. இவ்வளவு படித்த பிள்ளை இதை எப்படி யோசிக்காமல் விட்டாள் என்று கேட்பது போல் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அதிகாரி என்னிடம் நேராகச் சொன்னார். ஊர்ப் பெண்கள் சம்மதிக்காமல் அந்தக் கரையில் எதையும் கட்ட அவருக்கு விருப்பமில்லை. மழைக்கு முன் கட்டி முடிக்க வேண்டும். ஆகவே சித்திரை வருடப்பிறப்புக்குள் அவர்கள் ஓம் என்று சொல்லக்கூடிய ஒரு படம் வந்தால் சரி. இல்லாவிட்டால் இந்தத் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அங்கே வேறு யாரோ கீறுவார்கள்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வீடு வரும்வரை ஒரே நினைவு. நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்குக் கொண்டுபோவார். சந்தியில் மண்மூட்டை அடுக்கிய ஒரு சென்றி. அங்கே வந்ததும் அப்பா இறங்கிச் சைக்கிளை உருட்டுவார். “நேர பார். அங்கை பாக்காதை” என்பார். நான் பார்க்கமாட்டேன். ஆனால் அந்த வெட்டு எந்த உயரத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். என் முகத்துக்கு நேரே. பத்து வயது வரை ஒவ்வொரு காலையும் அதைக் கடந்து போனவள், எப்படி அதையே அளவெடுத்துக் கீறி, அழகாக இருக்கிறது என்று சுவரில் ஒட்டினேன்?

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். இவர் முறை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“புத்தகத்திலை அப்பிடித்தான் இருந்தது” என்றேன்.

“அந்தப் புத்தகம் எழுதினவன் எங்கடை சந்தியாலை பள்ளிக்குப் போயிருக்க மாட்டான்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “திருப்பிக் கீறு. நீ திருப்பிக் கீறாத ஆளோ?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அந்த அக்காவைத் தேடிப் போனேன். இவருக்கு அன்றைக்கு வேலை, முன்பள்ளியும் இல்லை. ஆகவே நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவளுக்குத் தொப்பி, தண்ணீர், மாற்றுச் சட்டை, வாந்தி வந்தால் பை என்று நான் கேட்டுக்கொண்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “வெளிநாட்டுக்கோ போறியள்?” என்று கேட்டார்.

அக்காவின் வீடு கரையில் கடைசி வீடு. ஏரிப் பக்கம் கிடுகு வேலி. தென்னோலைக் கிடுகு பழசாகிச் சாம்பல் நிறமாய்க் கிடந்தது. அவர் எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். மன்னிப்புக் கேட்பதா, மாற்றம் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து உளறினேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, “பிள்ளை எங்கை?” என்றார்.

தண்ணீர் இருபது அடியில் இருக்கிறது. எழுந்து ஓடினேன். மகள் வேலியோடு ஒட்டிக்கொண்டு, குனிந்து, கிடுகில் இருந்த ஒரு பொட்டுக்குள்ளால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியில் விழுகிற ஓட்டையைத்தான் எங்கள் ஊரில் பொட்டு என்கிறோம்.

“அம்மா, சத்தம் போடாதேங்கோ” என்றாள். “அது சாப்பிடுது.”

அவளுக்கு மேலே இருந்த இன்னொரு பொட்டில் நானும் கண்ணை வைத்தேன். முப்பது அடியும் இல்லை. ஒரு மஞ்சள் மூக்கு நாரை, அலகைத் தண்ணீருக்குள் பாதி திறந்து வைத்தபடி, மெதுவாக நடந்துகொண்டிருந்தது. அதன் முகத்தின் செம்மஞ்சள் தோலில் இருந்த சுருக்கம் கூட எனக்குத் தெரிந்தது. கைநூலில் இருந்த எந்தப் பெட்டியும் எவரையும் இவ்வளவு கிட்டக் கொண்டுபோகாது.

அக்கா பின்னால் வந்து நின்றார். “நாங்கள் ஒவ்வொரு நாளும் உதுக்குள்ளாலைதான் பாக்கிறம். தண்ணி எவ்வளவு நிக்குது, ஆர் இறங்கியிருக்கினம் எண்டு.”

“பறவை பயப்பிடாதோ?”

“வேலிக்கு ஏன் பயப்பிட வேணும்? அது பிறக்க முதலே வேலி இருக்குது.”

அங்கேயே, வேலியடியில் இருந்துகொண்டு குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். தூணும் வேண்டாம், உயரமும் வேண்டாம். தெருவில் இருந்து கரை வரை இரண்டு பக்கமும் கிடுகு வேலியோடு ஓர் ஒழுங்கை. கடைசியில் ஒரு வளைவு, நடந்து வருகிறவரின் நிழல் தண்ணீரில் விழாமல் இருக்க. பிறகு பதிந்த கூரையின் கீழ் ஒரு வேலி. நீண்ட வெட்டு எங்குமே இல்லை. ஒரு உள்ளங்கை அகலத்தில் பொட்டுகள். நிற்பவருக்கு ஒரு உயரத்தில், இருப்பவருக்கு ஒரு உயரத்தில், நான்கு வயதுக்காரிக்கு ஒரு உயரத்தில். வேலியில் நட்டுத் துளிர்க்க விடும் கதியாலுக்குக் கிளுவை என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “உந்த உப்பிலை கிளுவை வராது. பூவரசு போடுங்கோ” என்றார். அடித்துவிட்டுப் பூவரசு என்று எழுதினேன்.

“அப்ப உங்களுக்குச் சம்மதமோ, அக்கா?”

அவர் வேலியில் கழன்று கிடந்த ஒரு கிடுகை உள்ளே செருகினார்.

“வேலி சரி, தங்கச்சி. சென்றி மாதிரி இல்லை. ஆனா வேலிக்குப் பின்னாலை ஆள் நிக்குதோ இல்லையோ எண்டு எங்களுக்குத் தெரியவேணும். தெரிஞ்சா நாங்கள் அங்காலை தள்ளிப் போவம், இல்லாட்டி பாவாடையை இறக்கி விடுவம். தெரியாட்டித்தான் கரைச்சல். ஒவ்வொரு நிமிசமும் நிமிந்து நிமிந்து பாத்தா இறால் தடவ ஏலாது.”

பறவைக்குத் தெரியக்கூடாது. பெண்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேரும் நிற்பது ஒரே தண்ணீரில், ஒரே பக்கத்தில். அந்தக் கிழமை முழுவதும் அதையே யோசித்தேன். சின்ன மணி கட்டலாமா? பறவை எழும்பும். பலகையில் எழுதித் தொங்கவிடலாமா? அவ்வளவு தூரத்துக்கு எழுத்துத் தெரியாது. சிவப்பு மின்குமிழ்? அதைக் கீறிவிட்டு நானே வெட்கப்பட்டு அழித்தேன். வருடப்பிறப்புக்கு நான்கு கிழமைதான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் இருப்பது இவருடைய பெற்றோரோடு, வெங்காயத் தோட்டத்தோடு சேர்ந்த வீட்டில். குளியலறை இருந்தாலும் தலை முழுகுவது கிணற்றடியில்தான். சுற்றிவரக் கிடுகு மறைப்பு. உள்ளே போகிற பெண் தலை துவட்டும் துவாயை மறைப்பின் மேல் வெளியில் தெரியும்படி போடுவாள். துவாய் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். ஒருவரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நான் தலைக்குச் சீயக்காய் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மகள் வெளியே நின்று துவாயை இழுத்துத் தன் பொம்மைக்குச் சேலை கட்டப் போய்விட்டாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் விட மோட்டரைப் போட வந்த மாமா, இவருடைய அப்பா, மறைப்பைப் பார்த்தார். துவாய் இல்லை. மோட்டர்ப் பூட்டின் திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் பின்பக்கமாகவே நடந்து, வாழைப் பாத்திக்குள் விழுந்தார்.

“என்ன மாமா நீங்கள்!” என்று நான் உள்ளிருந்து கத்தினேன்.

“என்னையேன் ஏசுறாய்? துவாய் இல்லையெண்டா ஆளில்லை எண்டுதானே!” என்று அவர் வாழைக்குள் இருந்து கத்தினார். “ஆளிருந்தா துவாயைப் போட வேணும். உன்ரை மோளைக் கேள்!”

கண்ணுக்குள் சீயக்காய் எரிந்தது. நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். மாமா அதை வேறு விதமாக எடுத்திருப்பார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

திங்கட்கிழமை பொறியியலாளரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

“கிடுகு ஒரு வருசத்துக்கு மேலை நிக்காது, பிள்ளை.”

“ஓம் சேர். வருசா வருசம் வேலி அடைக்கிறது இஞ்சை எல்லா வீட்டிலையும் செய்யிற வேலைதானே. ஊராக்களே செய்வினம். சட்டம் பனைமரம். நிலம் ரெண்டடி உயர்த்தின கொங்கிறீற். அது நிக்கும்.”

“இது என்ன, வேலிக்கு மேலை?”

“துவாய், சேர்.”

“துவாயையும் கீறியிருக்கிறீரோ?”

“அதுவும் கட்டடத்திலை ஒரு பகுதி, சேர். தண்ணிப் பக்கம் ஒரு தடி. உள்ளுக்கை போறவர் வாசல்லை இருக்கிற துணியை எடுத்து அதிலை போட வேணும். வரேக்கை எடுக்க வேணும்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்தான். ஆனால் சிரித்து முடித்தபின், “காத்துக்குத் துணி அடிச்சா நாரை எழும்பிப் போகும். அதுக்கு என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. “பரிசோதிச்சுப் பாக்கிறன், சேர்” என்றேன்.

பரிசோதித்தது நான் இல்லை, அந்த அக்கா. கரையில் இரண்டு தடி நட்டு, தன்னுடைய பழைய சாறத் துணி ஒன்றைக் கீழ் விளிம்பில் கல் வைத்துத் தைத்து, அதில் போட்டார். நான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் கந்தோர்ப் படிக்கட்டில் நின்று தொலைபேசியில் கூப்பிடுவேன்.

“அக்கா, இண்டைக்கு?”

“ஒண்டையும் காணேல்லை.”

அடுத்த நாள்: “வந்தது. துணியைக் கண்டுட்டு அங்காலை போயிட்டுது.”

நான்காம் நாள் நான் கூப்பிட முதலே அவர் கூப்பிட்டார். நான் பயந்துவிட்டேன். “உன்ரை துவாய்க்குக் கொக்கைப் பழக்கிறதே என்ரை வேலையாப் போச்சு, தங்கச்சி. நீ சோறு திண்டியோ?”

ஆறாம் நாள் காற்றுக்குத் தடி சரிந்தது. நிமிர்த்தி நட்டார். எட்டாம் நாள் சொன்னார்: “உள்ளான் துணிக்குக் கீழை நிழலுக்குள்ளை நிக்குது.” பத்தாம் நாள் நானே போய்ப் பார்த்தேன். துணி கனத்துத் தொங்கியது. காற்று அதன் நடுவை மட்டும் கொஞ்சம் ஊதிவிட்டது. இருபது அடி தள்ளி ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. பஸ் பிடிக்க நேரமாகும் வரைக்கும் நான் அசையவில்லை. மகளை முன்பள்ளியில் இருந்து எடுக்கப் பிந்தினேன். அதற்காக ரீச்சரிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு துளி வருத்தமும் இருக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் இரண்டாவது கூட்டம். இந்த முறை பெண்கள் கதிரைகளில் இருந்தார்கள். படத்தைச் சுவரில் ஒட்டினேன். ஒழுங்கை, வளைவு, பூவரசங் கதியால், பொட்டுகள், தடியில் துவாய். நான் விளக்கத் தொடங்க முதலே பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“அடி, உது கிணத்தடி எல்லோ!”

“ஓம்” என்றேன். “கிணத்தடிதான். இஞ்சை துவாய் உள்ளுக்கை நிக்கிறவருக்கில்லை, வெளியிலை நிக்கிற உங்களுக்குக் காவல். அவ்வளவுதான் வித்தியாசம்.”

செபமாலை போட்ட அக்கா எழுந்தார். “துணி போடாமல் நிண்டா?”

அதிகாரி, “வெளியேத்துவம்” என்றார்.

“நீங்கள் வெளியேத்த வேண்டாம். அதை எங்களிட்டை விடுங்கோ” என்றார் அக்கா. மற்றப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அதிகாரியின் முகம் கொஞ்சம் வெளுத்தது. பிறகு அவர்கள் ஒவ்வொருவராகக் கையை உயர்த்தினார்கள். நான் எண்ணவில்லை. உயராத கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருக்கவில்லை.

இறுதிப் படத்தில் அந்தச் சின்னக் கட்டத்தை நிரப்பும்போது ‘வடிவமைத்தவர்’ என்ற வரியை வெறுமையாக விட்டுவிட்டுக் கொடுத்தேன். வேலி அக்காவுடையது. பொட்டு மகள் கண்டது. துவாய் மாமா வாழைக்குள் இருந்து சொன்னது. என்னுடையது எது என்று எனக்கே நிச்சயம் இல்லை. பொறியியலாளர் படத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

“ஏன் உதை எழுதேல்லை?”

சொன்னேன்.

“முதல் கீறின பெட்டி ஆரின்ரை?”

“என்ரை, சேர்.”

“பிழை உம்மடை எண்டா, திருத்தினதும் உம்மடைதான். எழுதும்.”

எழுதினேன். அவசரத்தில் ஒரு எழுத்துக் கொஞ்சம் சரிந்திருக்கிறது. கந்தோர்க் கோப்பில் இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. சில நாட்களில் வேறு எதையோ தேடுவது போல அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பேன்.

ஆவணிக்குள் கட்டி முடிந்தது. ஊர் ஆண்கள் வேலி அடைத்தார்கள். புதுக் கிடுகு வெளிறி இருந்ததால் பறவைகள் வருமா என்று நான் மழைக்காலம் முழுவதும் கவலைப்பட்டேன். மழை அதைச் சாம்பல் நிறமாக்கித் தந்தது. கதியால்கள் துளிர்த்தன. தை மாதம் திறந்து வைத்தார்கள். நாடாவை வெட்டினார்கள், மாலை போட்டார்கள், உரைகள் நடந்தன. அன்றைக்கு அவ்வளவு சனத்துக்கு ஒரு பறவையும் வரவில்லை. எனக்கு மேடையில் ஒரு பூங்கொத்துத் தந்தார்கள். அதைவிட எனக்குப் பெரிதானது இரண்டு கிழமைக்குப் பிறகு நடந்தது.

அது ஒரு சனிக்கிழமை. இவரும் நானும் மகளும் போயிருந்தோம். இவர் தெருவோரம் ஓட்டோக்காரரோடு கதைத்துக்கொண்டு நிற்க, நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்தேன். வளைவு வந்ததும் மகள் தானாகவே குரலைத் தணித்தாள். அவளுடைய பொட்டுக்கு அவள் ஓடினாள். குனிய வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடத்தில் அவள் வளர்வாள் என்று கணக்கிட்டு நான் போட்ட உயரம் அவளுடைய கண்ணுக்கு நேரே இருந்தது. நான் எனக்குரியதில் கண்ணை வைத்தேன். பூநாரைகள் கிட்ட வந்திருந்தன. அவற்றின் கால்களுக்கிடையில் தண்ணீர் ரோசாவாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் பெண்கள் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள். பறிகள் பின்னால் மிதந்தன.

அப்போது ஒரு பெண் நிமிர்ந்தார். கையை நெற்றியில் வைத்து எங்கள் வேலியைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும்.

“ஆரது உள்ளுக்கை?” என்று ஒரு குரல் தண்ணீருக்கு மேலால் வந்தது. எனக்குத் தெரிந்த குரல். “பொட்டுக்குள்ளை நிழல் அசையுது. துவாய் எங்கை?”

பின்னால் திரும்பிப் பார்த்தேன். துணி, வாசல் ஆணியில் மடித்தபடி தொங்கியது. தண்ணீர்ப் போத்தல் மூடியை இரண்டு தரம் பார்க்கிறவள், மகளின் தொப்பியை நான்கு தரம் தொட்டுப் பார்க்கிறவள், நான் கீறிய வேலியில், நான் எழுதிய விதியை மறந்துவிட்டேன்.

“நான்தான், அக்கா!” என்று கத்தப்போனேன். கத்தினால் பூநாரைகள் எழும்பும். வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

“ஆராயிருந்தாலும் துணியைப் போடு!” என்றது குரல். “படம் கீறின தங்கச்சிக்குச் சொல்லிக் குடுப்பம்!” மற்றவர்கள் சிரித்தார்கள். பூநாரைகள் அசையவில்லை, அந்தக் குரலும் அந்தச் சிரிப்பும் அவற்றுக்குப் பழக்கம்.

துணியை எடுத்து வந்து, தண்ணீர்ப் பக்கத் தடியில் எட்டிப் போட்டேன். ஒரு பக்கம் சரிந்தது; இழுத்துச் சரிசெய்தேன். மறுபடி பொட்டில் கண்ணை வைத்தேன். தூரத்தில் அந்த அக்கா துணியை ஒரு கணம் பார்த்தார். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார். பிறகு, உள்ளே நிற்பது யாரென்று கேட்காமலே, மறுபடியும் குனிந்து சேற்றைத் தடவத் தொடங்கினார். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அம்மா, உங்களுக்குத்தானே பேச்சு விழுந்தது?” என்றாள் மகள், பொட்டில் இருந்து கண்ணை எடுக்காமல்.

“ஓம்” என்றேன். “எனக்குத்தான்.”